பூங்காவின் சாவி யார் கையில்?

பகல் பதினொரு மணி. பீன்யா பக்கம் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஒரு தொழிலாளி வீடு திரும்புகிறார். வீடு என்றால் ஒரே அறை, மேலே தகரக் கூரை. உள்ளே மனைவி, இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாயார். அடுப்பு எரிகிறது, பக்கத்து வீட்டில் டி.வி. அலறுகிறது. ஒரு மணி நேரம் கண்ணயர மர நிழல் கிடைத்தால் போதும் என்று தெருமுனைப் பூங்காவுக்குப் போகிறார். கேட்டில் பூட்டு தொங்குகிறது. உள்ளே நிழல் இருக்கிறது, காலியான பெஞ்சும் இருக்கிறது. அவர் மட்டும் வெளியே பிளாட்பாரத்தில் குந்துகிறார்.

பெங்களூரில் பேட்டைக்குப் பேட்டை பல ஆண்டுகள் இதே கதைதான். விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்காகப் பூங்கா திறக்கும். காற்று வாங்க வருபவர்களுக்காக மாலையில் மறுபடி திறக்கும். நடுப்பகலில் பூட்டு. கேட்டால், "கண்டவர்களும் வந்து படுத்துக் கொள்கிறார்கள்" என்று பதில் வரும்.

அந்தக் கண்டவர்கள் யார்? ராத்திரி முழுக்க மிஷின் அருகில் நின்றவர். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க இடம் தேடும் கட்டட வேலைக்காரர். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நேரமாகவில்லையே என்று காத்திருக்கும் பெண். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கும் இல்லத்தரசி. வீட்டில் தோட்டம் உள்ளவருக்குப் பூங்கா ஒரு வசதி. ஒண்டுக் குடித்தனக்காரருக்கோ அதுதான் கூடம், அதுதான் முற்றம்.

பூங்காக்களைக் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்து வைப்பது என்று 2024 ஜூனில் பெங்களூர் மாநகராட்சி அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் உத்தரவு ஆபீசில் பிறக்கிறது, சாவியோ வாட்ச்மேன் இடுப்பில் தொங்குகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! இந்த நிலையில்தான் நகரத்தின் நிர்வாகமே மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 2-ந் தேதி, ஒரே மாநகராட்சியாக இருந்த பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் புதிய கைகளுக்குப் போயின. அவற்றின் சாவி யாரிடம் போகிறது என்று கேட்க இதுவே தருணம்.

இரண்டு ஊர், ஒரு ஊர், ஐந்து ஊர்

நிர்வாகம் மாறுவது பெங்களூருக்குப் புதிதல்ல. பேட்டைப் பகுதிக்கு ஒன்று, தண்டுப் பகுதிக்கு ஒன்று என இரண்டு முனிசிபாலிட்டிகள் 1860-களில் தோன்றின. தண்டு என்றால் கன்டோன்மென்ட். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சிப்பாயாக, சமையல்காரராக, கொத்தனாராக, வியாபாரியாக வந்த தமிழர்கள் குடியேறியது பெரும்பாலும் அங்கேதான். அல்சூர், சிவாஜி நகர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் என்று நம்மவர் பேட்டைகள் வளர்ந்த கதை அது.

இந்த இரண்டு முனிசிபாலிட்டிகளும் 1949-ல் இணைந்து பெங்களூர் மாநகராட்சி ஆயின. அதற்குமுன் 1945-ல் நகர அபிவிருத்திக்கென்று தனி டிரஸ்ட் போர்டு அமைந்தது. அதன் இடத்தில் 1976-ல் வந்தது பி.டி.ஏ. சுற்றியிருந்த ஏழு நகரசபைகள், ஒரு டவுன் முனிசிபாலிட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆகியவற்றைச் சேர்த்து 2007-ல் 'பிருகத்' பெங்களூர் மாநகராட்சி உருவானது. இப்போது அதுவும் போய் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள். அவற்றுக்கு மேலே முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட கிரேட்டர் பெங்களூர் ஆணையம்.

ஒவ்வொரு முறையும் போர்டு மாறும், முத்திரை மாறும், பைல்கள் இடம் மாறும். பைலோடு பைலாக ஒரு திடலின் எல்லைக்கோடு காணாமல் போனால் கேட்பார் இல்லை.

ஆளுக்கொரு நாட்டாமை

ஊரில் பொழுதுபோக்க ஓர் இடத்துக்குப் போகிறோம். அது யாருடைய பொறுப்பு என்று தெரிந்தா போகிறோம்? கப்பன் பூங்காவையும் லால்பாக்கையும் பார்த்துக் கொள்வது மாநில அரசின் தோட்டக்கலைத் துறை. கப்பன் பூங்கா 1870-ல் உண்டானது. லால்பாக் ஐதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம், பரப்பு 240 ஏக்கர். இந்த இரண்டையும் காக்க 1975-ல் போட்ட தனிச் சட்டமே இருக்கிறது.

தெருமுனைப் பூங்கா மாநகராட்சியுடையது. புதிய லே-அவுட்டில் இருக்கும் பூங்கா, ஒப்படைக்கும் வரை பி.டி.ஏ. வசம். கண்டீரவா ஸ்டேடியம் விளையாட்டுத் துறையிடம். பரேட் மைதானம் ராணுவத்திடம். ஏரிகளின் கதையோ இன்னும் சிக்கல். அவற்றுக்கென்று 2002-ல் ஓர் ஆணையம், 2014-ல் ஒரு சட்டம், பிறகு வேறோர் ஆணையம் என்று கைமாறிக் கொண்டே இருந்தன.

மாநகராட்சிப் பூங்காவிலும் நேரடியாக வேலை நடப்பது குறைவு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, குப்பை கூட்டுவது, கேட்டைத் திறந்து பூட்டுவது எல்லாம் டெண்டர் எடுத்த கான்டிராக்டரின் ஆட்கள். விளக்கு எரியவில்லை என்றால் ஒரு பிரிவு, கழிப்பிடத்தில் தண்ணீர் இல்லை என்றால் இன்னொரு பிரிவு. ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பிள்ளைகளே கயிறு கட்டிக் கொள்கிறார்கள்.

இத்தனை கையும் ஒரு பெரிய மாநகராட்சியில் இருந்தபோதே இந்தக் கதி என்றால், ஐந்தாகப் பிரிந்தபின் என்ன ஆகும்? எல்லையில் இருக்கும் திடலை இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள், அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள். ஆபீஸ் பக்கத்தில் வருவதால் புகாரை நேரில் போய்ச் சொல்ல முடியும் என்ற நன்மையும் உண்டு. எது நடக்கும் என்பது, தொடக்கத்திலேயே கணக்கை யார் எழுதி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சட்டம் நம் பக்கம்தான்

சாதாரண மக்களுக்குப் பூங்கா கேட்க உரிமை உண்டா? உண்டு. பி.டி.ஏ. சட்டப்படி, லே-அவுட் போடும்போது மொத்த நிலத்தில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை போன்ற பொது வசதிக்கு ஒதுக்கும் 10 சதவீதம் தனி. பூங்கா, திடல், திறந்தவெளி ஆகியவற்றைப் பாதுகாக்க 1985-ல் கர்நாடகம் ஒரு சட்டம் இயற்றியது. இதே நோக்கத்தோடு சென்னை மாநிலத்தில் 1959-லேயே சட்டம் வந்திருந்தது. எங்கெங்கே பூங்கா இருக்கிறது, எங்கெங்கே திடல் இருக்கிறது என்று பட்டியல் போட்டு வைப்பதுதான் இந்தச் சட்டங்களின் முதல் படி. பட்டியலில் உள்ள இடத்தைத் தொட எவனும் யோசிப்பான். பட்டியலில் இல்லாத இடம் வேலியில்லாத பயிர்.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தமும் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இது 1993-ல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது, எழுப்புவது யார் என்று கேட்கலாம். பெங்களூர்க்காரர்களே எழுப்பியிருக்கிறார்கள். ராஜ்மகால் விலாஸ் விஸ்தரிப்பில் பூங்காவுக்கென்று விட்டிருந்த இடத்தை 1976-ல் அரசு மருத்துவமனை கட்டத் திருப்பிவிட்டது. கட்டப் போனது ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளை. அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். முதலில் தோற்றார்கள். மேல்முறையீட்டில் வென்றார்கள். வழக்கு டில்லி வரை போனது. 1991 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: பூங்காவுக்கு விட்ட இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும், அதைக் கேட்க அந்தப் பகுதிக் குடிமக்களுக்கு உரிமை உண்டு. மருத்துவமனை நல்ல காரியம்தான், ஆனாலும் அதற்காகப் பூங்காவைப் பறிக்க முடியாது என்று ஆயிற்று. பூங்கா வழக்குகளில் நாடு முழுவதும் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கு நடத்தியவர்கள் படித்தவர்கள், வசதியான பகுதிக்காரர்கள். சேரியிலும் லைன் வீட்டிலும் இருப்பவர்கள் திடலை இழந்தால் பதினைந்து வருடம் கோர்ட் படியேற முடியுமா? அவர்களுக்குப் பட்டியலும் பலகையும்தான் வக்கீல்.

டிக்கெட் வாங்கினால் காற்று

பராமரிக்கப் பணம் இல்லை, தனியாரிடம் விட்டால் பளபளப்பாகும் என்ற பேச்சு அடிக்கடி எழும். பெங்களூர் அதையும் பார்த்துவிட்டது. 2000-த்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஹெப்பால், நாகவாரா உள்ளிட்ட ஏரிகள் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்குப் போயின. நாகவாராவில் படகும் விளையாட்டுச் சாதனங்களும் வந்தன, கூடவே நுழைவுக் கட்டணமும் வந்தது. 2008-ல் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. ஏரிகளின் நிலையை ஆராய நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையில் குழு அமைந்தது. 2012 ஏப்ரலில் ஐகோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஏரிக்கரையில் புல் அறுத்தவர், துணி வெளுத்தவர், மீன் பிடித்தவர், சும்மா உட்கார்ந்திருந்தவர் எல்லாம் ஒரு டிக்கெட் கவுன்டர் முன்னால் வேற்றாள் ஆனதுதான் அந்தக் காலம் தந்த பாடம்.

சென்னையிலும் இதே பேச்சு வந்தது. மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, விளையாட வருபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்குவது என்று 2024 அக்டோபரில் தீர்மானம் போட்டார்கள். வடசென்னைப் பையன்கள் கால்பந்து ஆடுவது 120 ரூபாய் கொடுத்தா? எதிர்ப்புக் கிளம்பியது. தீர்மானம் உடனே வாபஸ் ஆனது. கேட்டால் நடக்கும் என்பதற்கு அதுவும் ஓர் அத்தாட்சி.

பீலேவுக்குச் சிலை வைத்த பேட்டை

திடல் பறிபோனால் என்ன போகும் என்று அறிய வெகுதூரம் போக வேண்டாம். அல்சூருக்குப் பக்கத்தில் கௌதமபுரம் இருக்கிறது. தமிழ் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த பேட்டை. அங்கே அம்பேத்கர் சிலையோடு பிரேசில் வீரர் பீலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள்! தலைமுறை தலைமுறையாகக் கால்பந்துதான் அங்கே மூச்சு.

பழைய மைசூர் மாநில அணி 1946-47-லும் 1952-53-லும் சந்தோஷ் டிராபியை வென்றது. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோலை அடித்தவர் மைசூர் அணியின் சாரங்கபாணி ராமன். அந்தக் காலத்து இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியவர்கள். தண்டுப் பகுதியின் மண் திடல்களில் கால்பந்து வேரூன்றியதற்கு ஒரு காரணம்: அந்தத் திடல்களுக்குக் கேட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

நகரம் ஸ்டேடியமும் கட்டியது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம், சூளை ஏரி இருந்த இடத்தில் கால்பந்து ஸ்டேடியம். ஏரிகள் போயின. தினமும் சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தேவை ஸ்டேடியம் அல்ல, கல் பொறுக்கிய ஒரு மண் திடல். அதில் காரை நிறுத்தாமல், பந்தல் போட்டு வாடகைக்கு விடாமல், ஜல்லி கொட்டாமல் இருந்தால் போதும்.

என்ன கேட்க வேண்டும்?

மாநகராட்சியின் கடைசி மாமன்றத்துக்கு 2020 செப்டம்பரில் காலம் முடிந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஐந்து மாநகராட்சிகள் பிறந்தபோதும் அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை, அதிகாரிகளே நிர்வாகம். முன்பு 198 வார்டுகள் இருந்தன. புதிய பிரிவினையில் 369 என்று வகுத்திருக்கிறார்கள். வார்டு சிறிதாவது நல்லதே. வார்டு கமிட்டிக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அந்தக் கமிட்டியின் முன்னால் வைக்க வேண்டிய கோரிக்கைகள் பெரியவை அல்ல.

முதலாவது, பட்டியல். வார்டில் உள்ள ஒவ்வொரு பூங்காவும் திடலும் எத்தனை சதுர அடி, எல்லை எது என்று எழுதி, அந்தந்தக் கேட்டிலேயே பலகை வைக்க வேண்டும். பொறுப்பான அதிகாரி யார், கான்டிராக்டர் யார், டெண்டர் தொகை எவ்வளவு என்பதும் அதே பலகையில் இருக்கட்டும். கன்னடத்தில் இருந்தால் போதும், நம்மவர்களுக்கு வாசிக்கத் தெரியும்.

இரண்டாவது, நேரம். அறிவித்த நேரத்தை நடுப்பகலிலும் மதிக்க வேண்டும். பூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் யார் சொல்லி, எந்தக் காரணத்துக்கு என்று எழுதி ஒட்டட்டும். வாட்ச்மேன் வாய்மொழி சட்டம் ஆகக் கூடாது.

மூன்றாவது, கழிப்பிடம், குடிதண்ணீர், விளக்கு. இந்த மூன்றும் இல்லாத பூங்காவுக்குப் பெண்கள் எப்படி வருவார்கள்? நீரூற்றையும் கலர் விளக்கையும் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

நாலாவது, பங்கீடு. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த பகுதிக்கும் சின்னத் தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதிக்கும் வரி வருமானம் ஒன்றாக இராது. நகரத்தில் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று மத்திய அரசின் 2014-ம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டி சொல்கிறது. சதாசிவ நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைக்கு எவ்வளவு என்று அளந்து பார்த்துப் பணம் ஒதுக்கினால் நியாயம் தானே வரும். மரம் இல்லாத பேட்டைக்கு முதல் மரம், மரம் உள்ள பேட்டைக்கு அப்புறம் புல்தரை.

நாம் கேட்கலாமா?

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம். "நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கெதற்கு?" என்று ஒதுங்குவது. நடைப்பயிற்சிக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ரிஜிஸ்டர் இருக்கிறது, லெட்டர் பேடு இருக்கிறது. லைன் வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை. ஆகையால் பூங்கா நேரம் சங்கத்தின் வசதிப்படி அமைந்துவிடுகிறது.

அல்சூர் ஏரி அருகே நிற்கும் திருவள்ளுவர் சிலையை நினைத்துப் பார்க்கலாம். 1991-ல் திறக்க வேண்டிய சிலை. எதிர்ப்பால் நின்று போய், பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது.  கடைசியில் 2009 ஆகஸ்ட் 9-ந் தேதி அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் அதைத் திறந்து வைத்தார். நாலே நாளில் சென்னை அயனாவரத்தில், ஜீவா பூங்காவில், கன்னடக் கவிஞர் சர்வக்ஞருக்குச் சிலை திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டு வழக்கு இரண்டு சிலைகளில் சமாதானம் ஆயிற்று. 

பூங்கா விஷயத்திலும் வழி அதுதான். பூட்டிய கேட் முன்னால் நிற்கும் கன்னடக்காரருக்கும் தெலுங்குக்காரருக்கும் உருதுக்காரருக்கும் அதே வெயில்தான் அடிக்கிறது. நாலு மொழிக்காரர் பத்துப் பேர் சேர்ந்து, கன்னடத்தில் ஒரு மனு எழுதி, வார்டு ஆபீசில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்தால் அதுவே சங்கம். வரி கட்டும் வீட்டுக்காரர் வரியை வாடகையில் சேர்த்துத்தானே வாங்குகிறார்? அப்படியானால் அந்தப் பெஞ்சுக்கும் அந்த மரத்துக்கும் குடக்கூலிக்காரரும் பணம் கட்டியவர்தான்.

அழுத பிள்ளைக்குத்தான் பால். மாநகராட்சி ஒன்றாக இருந்தாலும் ஐந்தாக ஆனாலும், இரவு ஷிப்ட் முடித்து வருகிற மனிதருக்குப் பகல் பதினொரு மணிக்குக் கேட் திறந்திருக்க வேண்டும். புதிய நிர்வாகம் நல்லதா கெட்டதா என்பதற்கு அவர் போய் உட்கார்ந்து பார்ப்பதே பரீட்சை.